மெதுவாய் நடக்கிறவனோடு மலைக்குப் போவது

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-17



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்த பின்பு, தேநீர் வேளையில், நமது வாலிபர்கள் ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய பிரசங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ணி மகிழ்ச்சியோடு அருகே சென்றேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததோ செர்மாட்டுக்குப் போவதா, சாஸ்ஃபேக்குப் போவதா, எங்கல்பெர்க்குக்குப் போவதா என்பதைப் பற்றி. உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டிய நீண்ட விடுமுறையில், நண்பர்களாகச் சேர்ந்து பனிச்சறுக்குப் பயணம் போகத் திட்டமிடுகிறார்கள். "பாஸ்டர், நீங்களே சொல்லுங்கள், எந்த இடம் நல்லது?" என்று ஒரு மகள் கேட்டாள். "ஜெபித்து முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். போதகர்கள் பதில் தெரியாதபோது சொல்லும் பதில் அது. அன்றிரவு என் மனச்சாட்சி என்னைக் குத்தியது. ஆகையால் அந்த மகளின் கேள்விக்கு இவ்வாரம் என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "இந்த ஆட்டங்களெல்லாம் நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் தலைமுறையில் பலருக்கு இந்நாட்டின் மலைகள் அறிமுகமானது விடுதிச் சமையலறைகளின் பின்கதவு வழியாகத்தான். என் முதலாவது பனிக்காலத்தில் நான் மலையூர் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். சறுக்குவதற்காக வந்தவர்களின் தட்டுகள் என் கைகளுக்கு வந்தன. பனியோ எனக்கு அதிகாலையில் வாசலில் வாரிக் கொட்டவேண்டிய வேலையாக மட்டுமே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. பாடசாலை அவர்களைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துச் சென்றது. அவர்கள் இந்த மலைகளைப் பயமின்றி நேசிக்கிறார்கள். உறைந்த மழையைப் பஞ்சைப்போல் தருகிறவர் கர்த்தர் என்று 147-ஆம் சங்கீதம் அவரைத் துதிக்கிறது. அவர் தரும் பனியின்மேல் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பதை நான் குற்றமாக எண்ணவில்லை. நண்பர்கள் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் நடந்து, ஒன்றாய்ச் சிரிப்பது சபை வாழ்க்கைக்கு வெளியே நிற்கும் காரியமும் அல்ல.

ஆகவே போகலாமா என்பது என் கேள்வி அல்ல. எப்படித் தெரிவு செய்வது என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது வாலிபர் கூட்டம் இப்படியே ஒரு பயணம் போயிற்று. திறமையாய்ச் சறுக்கத் தெரிந்த மூவர் இடத்தைத் தெரிவு செய்தார்கள். நானும் ஆராதனையில் அதை அறிவித்து, எல்லாரையும் உற்சாகப்படுத்தினேன். ஒரு தம்பி மட்டும், தனக்குப் பரீட்சை இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டான். பரீட்சை எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம் அவனுடைய தகப்பனாருக்கு வேலை இல்லாமற்போயிருந்தது. அந்த நான்கு நாட்களுக்கான செலவு அவர்கள் வீட்டின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்குச் சமமாக இருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் தாயார் ஒரு வருடம் கழித்து, வேறு எதையோ பேசும்போது, என்னிடம் சொன்னார். அவன் அதற்குள் சபைக்கு வருவதைக் குறைத்திருந்தான். இன்று அவன் வேறு ஊரில் இருக்கிறான். அந்தப் பயணம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மந்தையில் ஒருவன் பின்தங்கியதை மேய்ப்பன் காணவில்லை என்பது உண்மை. நான் அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த நினைவோடுதான் நான் தியானப் பகுதியை வாசிக்கிறேன். இருபது வருடங்களுக்குப் பின்பு யாக்கோபும் ஏசாவும் சந்திக்கிறார்கள். கட்டித்தழுவி அழுகிறார்கள். ஏசா பெருந்தன்மையோடு, சேர்ந்து புறப்படுவோம், நான் முன்னே போகிறேன் என்று அழைக்கிறான். அவனோடு நானூறு ஆட்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இல்லை. யாக்கோபு தன் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். இளம் பிள்ளைகள், பால் கொடுக்கிற ஆடுமாடுகள். ஒரே நாள் அவற்றை விரட்டி ஓட்டினாலும் மந்தை முழுவதும் மாண்டுபோகும் என்கிறான். நீர் முன்னே போம். பிள்ளைகள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு நான் மெதுவாக நடத்தி வருகிறேன் என்பதே அவன் பதிலின் சாரம்.

வேதத்தை நேர்மையாய் வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். சேயீருக்கு வருவதாகச் சொன்ன யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். தமையனுக்கு அவன் இன்னும் பயந்தான், அதனால் சாக்குச் சொன்னான் என்று விளக்குகிறவர்கள் உண்டு. அதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அவன் சொன்ன காரணம் பொய்யான காரணம் அல்ல. அதை அவன் தன் சரீரத்திலேயே அறிந்திருந்தான். முந்தின அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். அந்த இரவு யாப்போக்கு ஆற்றங்கரையில் அவனுடைய தொடைச்சந்து சுளுக்கிற்று. சூரியன் உதித்தபோது அவன் நொண்டி நடந்தான். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடியவன் அவன். சேஷ்டபுத்திரபாகத்தில் முந்தினான், ஆசீர்வாதத்தில் முந்தினான். தேவன் அவனைத் தொட்ட பின்பு அவனால் வேகமாக நடக்க இயலவில்லை. அதற்குப் பின்புதான், மெதுவாய் நடக்கிறவர்கள் அவன் கண்ணில் படுகிறார்கள்.

இன்னொரு தெரிவையும் ஆதியாகமம் காட்டுகிறது. 13-ஆம் அதிகாரத்தில் லோத்து தன் கண்களை ஏறெடுத்து, நீர்வளம் பொருந்திய யோர்தான் சமபூமியைக் கண்டு, அதைத் தனக்கென்று தெரிந்துகொண்டான். அவன் இடத்தைப் பார்த்தான். யாக்கோபோ தன்னோடு வருகிறவர்களைப் பார்த்தான். பிள்ளைகளே, உங்கள் கைப்பேசிகளில் நீங்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்த படங்கள் எல்லாம் இடங்களின் படங்கள். உங்களோடு வரவிருக்கும் ஒன்பது பேரை யாராவது அப்படிக் கவனித்துப் பார்த்தீர்களா?

என் கருத்து இதுதான். ஒரு குழு தன் பனிச்சறுக்குத் தளத்தைத் தெரிவு செய்யவேண்டியது, தன்னில் மிகவும் பலவீனமானவரைக் கொண்டுதான். பலவீனம் என்பது இங்கே மூன்று வகை: கால்களின் பலவீனம், பணப்பையின் பலவீனம், துணிவின் பலவீனம். மூன்றாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நீங்கள் பேசிய மூன்று இடங்களையே எடுத்துக்கொள்வோம். வசந்தகாலத்தில் உயரம் முக்கியம் என்று நீங்கள் சொன்னது சரி. ஏப்ரல் மாதத்தில் தாழ்வான தளங்களில் புல் தெரியத் தொடங்கிவிடும். செர்மாட்டில் கேபிள் கார் 3800 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. பனியாற்றின்மேல் வருடம் முழுவதும் சறுக்கலாம். பனியைப் பற்றிய கவலை அங்கே மிகக் குறைவு. ஆனால் பெரிய தளங்களில் நாட்சீட்டு மட்டுமே நூறு பிராங்கை நெருங்கக்கூடும். அதோடு பலகை, காலணி வாடகை, படுக்கை, உணவு, ரயில் என்று கூட்டிப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் போதித்தார். அவர் பேசியது சீஷத்துவத்தின் விலையைப் பற்றி. என்றாலும், உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல என்பதை அந்த உவமை நமக்குச் சொல்கிறது.

சாஸ்ஃபே ஊரே சுமார் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செர்மாட்டைப்போல அங்கும் ஊருக்குள் கார் ஓடுவதில்லை. புதிதாய்க் கற்பவர்களுக்கான சரிவு ஊரின் ஓரத்திலேயே உண்டு. உங்களில் இருவர் இதுவரை பலகையில் நின்றதே இல்லை என்பதை நான் அறிவேன். அப்படிப்பட்டவர்கள் விழுந்து எழும்ப ஓர் இடம் வேண்டும். களைத்துவிட்டால் தனியே விடுதிக்கு நடந்து திரும்பவும் வழி வேண்டும். எங்கல்பெர்க்குக்கு லூசேர்னிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரவு தங்கும் செலவைத் தாங்க முடியாதவர் ஒரு நாள் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளலாம். அந்த ஊருக்கு 1120-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்றும் உண்டு. சறுக்க விரும்பாதவர் அமைதியாய் உட்கார அதன் ஆலயத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த மலையின் பெயர்பெற்ற சரிவுகள் கடினமானவை. கற்றுக்கொள்கிறவரை நண்பர்கள் விளையாட்டாய் உச்சிக்கு இழுத்துச் சென்றுவிடக் கூடாது.

எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் மூன்று கேள்விகளோடு ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்கட்டும். இதுவரை எத்தனை நாட்கள் சறுக்கியிருக்கிறீர்கள்? மனக்கஷ்டமில்லாமல் எவ்வளவு செலவழிக்க முடியும்? எதைக் குறித்துப் பயப்படுகிறீர்கள்? எல்லாரும் சேர்ந்திருக்கும் இடத்தில் இவற்றைக் கேட்டால் உண்மை வெளிவராது. கூட்டத்தின் நடுவில், "எனக்குக் காசு இல்லை" என்று சொல்வதைவிட, "எனக்குப் பரீட்சை" என்று சொல்வது எவனுக்கும் எளிது. பணத்துக்கு ஒரு பொதுப் பையை வையுங்கள். ஒவ்வொருவரும் தன்னால் இயன்றதை உறையில் இட்டுக் கொடுக்கட்டும். கணக்கு வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் அதை அறியவேண்டியதில்லை. இடக்கை அறியாமல் வலக்கை கொடுப்பது தர்மத்துக்கு மாத்திரம் உரியதல்ல, நட்புக்கும் உரியது.

"அப்படியானால் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் நாலு நாளும் குழந்தைகளின் சரிவில் நிற்பதா?" என்று ஒரு தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. அப்படி நான் சொல்லவில்லை. நீலச் சரிவும் கறுப்புச் சரிவும் ஒரே தளத்தில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். காலையில் அவரவர் வேகத்தில் போங்கள். நண்பகலில் ஒரே மேசையில் உண்ணுங்கள். திறமையுள்ளவர்கள் முறைவைத்து, ஆளுக்கு ஒரு அரைநாளைக் கற்கிறவர்களுக்குக் கொடுங்கள். நான்கு நாளில் ஒரு அரைநாள் பெரிய தியாகம் அல்ல. ஆனால் அந்த அரைநாளைத்தான் மற்றவர் பல வருடங்கள் நினைவில் வைத்திருப்பார்.

அடுத்ததாகப் பாதுகாப்பு. புதிய வீட்டைக் கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிறருடைய விழுகையை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதும் அன்பின் ஒரு பங்கு. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967-ஆம் ஆண்டில் வகுத்த பத்து விதிகளை நீங்கள் முகாமில் படித்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று எனக்கு ஒரு பிரசங்கத்தைப்போலவே தோன்றுகிறது. மேலிருந்து வருகிறவன், கீழே இருக்கிறவனுக்கு ஆபத்து நேரிடாதபடி தன் வழியைத் தெரிவு செய்யவேண்டும். கீழே இருக்கிறவனுக்கு முதுகில் கண் இல்லை. உயரத்தில் நிற்கிறவனுக்கோ முழுச் சரிவும் தெரிகிறது. அதிகம் காண்கிறவனிடம் அதிகப் பொறுப்பு. திறமையிலும் செல்வத்திலும் பதவியிலும் மேலே நிற்கிற நம் எல்லாருக்கும் இந்த விதி பொருந்தும். பிரசங்க பீடத்தில் நிற்கிறவனுக்கு இன்னும் அதிகமாய்ப் பொருந்தும்.

வசந்தகாலப் பனிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரவில் இறுகி, காலையில் கல்லைப்போல் இருக்கும். வெயில் ஏற ஏற மேற்பரப்பு இளகும். பிற்பகலில் கஞ்சியைப்போலாகிக் கால்களைப் பிடித்து இழுக்கும். களைத்த முழங்கால்கள் காயப்படுவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். செங்குத்தான சரிவுகளில் ஈரப்பனி இடிந்து விழும் அபாயமும் பிற்பகலில் கூடும். ஆகவே அதிகாலையில் தொடங்கி, நேரத்தோடு நிறுத்துங்கள். டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிறுவனம் பனிக்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு அறிக்கையை ஐந்து நிலைகளில் வெளியிடுகிறது. மூன்றாம் நிலை என்றால் நடுத்தரம்தானே என்று சிலர் அலட்சியமாய் எண்ணுகிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நிகழ்வது அந்த நிலையில்தான். அடையாளக் கம்பங்களுக்கு வெளியே போகாதீர்கள். அங்கே வேறொருவன் சறுக்கிய தடம் இருப்பது, அந்த வழி பத்திரமானது என்பதற்குச் சாட்சி அல்ல. "எல்லாரும் போகிறார்கள்" என்பதால் சென்று விழுந்தவர்கள் மலையில் மட்டுமா இருக்கிறார்கள்?

சிறிய காரியங்களையும் விட்டுவிடாதீர்கள். புதிய பனி சூரியனின் புறஊதாக்கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். நம் கறுத்த தோலுக்குக் களிம்பு தேவையில்லை என்பது தவறான எண்ணம். கண்களுக்கோ எந்த நிறமும் பாதுகாப்பு அல்ல. தலைக்கவசம் அணியுங்கள். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்கிறவர்களுக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் முதலாளி வழியாகக் காப்புறுதி உண்டு. மாணவர்கள் தங்கள் மருத்துவக் காப்புறுதியில் விபத்து சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படுமுன் பெற்றோரோடு உட்கார்ந்து பாருங்கள். 1414 என்ற வான்வழி மீட்பு எண் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.

கடைசியாக, நாள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முகஸ்துதி செய்தவனாவேன். பெரிய வெள்ளியன்று காலையில் பாடகர் குழுவின் பாதி இருக்கைகள் வெறுமையாக இருக்கும் என்பது உங்கள் திட்டத்தின் விளைவு. ஆண்டவரின் சிலுவையைத் தியானிக்கும் நாளில் மலையில் நிற்பது பாவம் என்று சட்டம் போட நான் வரவில்லை. ஆனால் வருடத்தில் அந்த மூன்று நாட்களைச் சபையாய்ச் சேர்ந்து கடந்துபோவதில் ஒரு காரியம் இருக்கிறது. வெள்ளியின் துக்கத்தில் நில்லாதவனுக்கு ஞாயிறின் மகிழ்ச்சி பாதியாகவே கிடைக்கும். உயரமான தளங்களில் பண்டிகைக்குப் பின்பும் சில நாட்கள் பனி இருக்கும், கூட்டம் குறையும், தங்குமிடமும் பொதுவாக மலிவாகும். ஒரு வாரம் தள்ளிப் போங்கள் என்பது என் வேண்டுகோள். கட்டளை அல்ல.

வாலிஸ் மாநிலத்தையும் இத்தாலியையும் இணைக்கும் பெரிய சென் பெர்னார்ட் கணவாயில், 2469 மீட்டர் உயரத்தில், ஒரு பழைய விடுதி இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில், மெந்தோன் ஊரைச் சேர்ந்த பெர்னார்ட் என்ற தேவஊழியர், பனியில் வழி தவறுகிறவர்களுக்காக அதை நிறுவினார். அங்கே வாழ்ந்த துறவிகளும் அவர்களுடைய நாய்களும் நூற்றாண்டுகளாகப் பின்தங்கியவர்களைத் தேடிப் பனிக்குள் போனார்கள். அந்த நாய்களில் புகழ்பெற்ற பாரியின் உடல் பேர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நம் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துறவிகளும் மலையைப் பற்றி அறிந்தவர்கள்தான். வேகமாய் முன்னே போகவும் அவர்களால் முடிந்திருக்கும். அவர்கள் கண்களோ பின்னால் வராதவனைத் தேடின.

தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரைப் பின்பற்றுகிறோம் என்று நாம் பாடுகிறோம். அந்தத் தேடுதலை, பயணம் முடிந்தபின் தொடங்காமல், திட்டமிடும் மேசையிலேயே தொடங்குங்கள். நானும் ஒரு தொலைபேசி அழைப்பை இவ்வாரம் எடுக்கப்போகிறேன். "உனக்கு அன்று பரீட்சை இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும், தம்பி, நான் கேட்டிருக்கவேண்டும்" என்று அவனிடம் சொல்லவேண்டும். அவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியாது. எனக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, மலைகளையும் உறைந்த மழையையும் உண்டாக்கினவரே, எங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காத்தருளும். முன்னே ஓடுகிறவர்களுக்குத் திரும்பிப் பார்க்கும் கண்களைத் தாரும். பின்தங்கி நிற்கிறவர்களுக்கு, வெட்கமின்றிக் கூப்பிடும் தைரியத்தைத் தாரும். எங்கள் நடைக்குத் தக்கதாய் எங்களோடு நடந்துவருகிற எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.